லிங்கராஜபுரத்தில் ஒரு பதிகம்

பெங்களூரில் பிறந்து வளர்ந்த என் வயதுத் தமிழர்களிடம், தமிழ் எழுதப் படிக்க எங்கே கற்றீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சிலர் தினத்தந்தி என்பார்கள், சிலர் சினிமா போஸ்டர் என்பார்கள். பலர் "பேசத்தான் வரும், படிக்க வராது" என்று சிரித்து மழுப்புவார்கள். கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளான நாங்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வோம்: பாட்டுப் புத்தகம். பள்ளியில் இங்கிலீஷ், கன்னடம், இந்தி. தமிழ் என்று ஒன்று இருப்பதாகவே பள்ளிக்கூடத்துக்குத் தெரியாது. ஆச்சி மடியில் விரித்து வைத்திருந்த கீர்த்தனைப் புத்தகத்தில், அவர் விரல் நகரும் இடத்தில் என் கண்ணும் நகர்ந்து நகர்ந்து, எப்போது எழுத்து பிடிபட்டது என்று எனக்கே தெரியாது.

அப்படிப் படித்தவற்றில் எனக்கு நெருக்கமான பாட்டு, எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாத பாட்டு. "சத்தாய் நிஷ்களமாய்". எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை எழுதியது. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைக்காரர்கள் இந்த இரண்டு சொல்லைக் கேட்டதுமே மனசுக்குள் மெட்டை எடுத்திருப்பார்கள். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் வீடு லிங்கராஜபுரத்தில். தாத்தா ஐம்பதுகளில் பாளையங்கோட்டையிலிருந்து ஐ.டி.ஐ. டெலிபோன் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். தூரவாணிநகர் குவார்ட்டர்ஸில் பல வருஷம் இருந்துவிட்டு, ரிட்டயர் ஆனதும் இங்கே சின்னதாக ஒரு வீடு கட்டினார். ஊரைவிட்டு வந்து எத்தனை காலம் ஆனாலும் ஆச்சியின் பேச்சு மட்டும் பாளையங்கோட்டையிலேயே இருந்தது. காய்கறிக்காரரிடம் கன்னடத்தில் பேரம் பேசும்போதும் அதில் திருநெல்வேலி இழுவை இருக்கும். ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். எட்டடித்தால் டிவியை அணைத்துவிட வேண்டும், நாடகத்தில் யார் யாரைக் கொன்றாலும் சரி. ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், அப்பா ஜெபம், தாத்தா ஆசீர்வாதம். பாட்டைத் தேர்ந்தெடுப்பது ஆச்சியின் உரிமை. வாரத்தில் பாதி நாள் இந்தப் பாட்டுதான் வரும்.

"ஏட்டி, வாயத் தொறந்து பாடு. ஆண்டவருக்குக் காது கேக்கும்லா, நீ என்ன ஊமையா?" என்று எனக்கு விழும். என் சித்தி மகனுக்கு அந்தத் திட்டே தேவைப்படாது. முதல் சொல்லைச் 'சத்தமாய்' என்று எடுத்துக்கொண்டு, அந்த ஒரு சொல்லை மட்டும் தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டு மீதிக்கு உதட்டை அசைப்பான். அர்த்தம் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் பாட்டின் கடைசி அடி வரும்போது ஆச்சியின் குரல் தாழ்ந்து போவதைக் கவனித்திருக்கிறேன். இந்தப் பதிகத்தில் ஒவ்வொரு பாட்டும், அதாவது ஒவ்வொரு செய்யுளும், ஒரே கேள்வியில்தான் போய் முடியும். உன்னை விட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்பதுதான் அந்தக் கேள்வி. கடவுளைக் கூப்பிடும் விளி மட்டும் பாட்டுக்குப் பாட்டு மாறும். அப்பனே என்பார், அரசே என்பார். கேள்வி மாறாது. அந்தக் கேள்விக்கு அர்த்தம் சொல்ல யாரும் தேவையில்லை, பத்து வயதிலும்.

1991 டிசம்பரைச் சொல்லாமல் இந்தப் பாட்டை என்னால் சொல்ல முடியாது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு மத்திய அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்களுக்கு எதிரான கலவரம் வெடித்த மாதம் அது. தமிழில் எழுதிய பலகைகளைக் கடைக்காரர்கள் கழற்றி உள்ளே வைத்தார்கள். பஸ்ஸில் ஏறினால் பேச்சை நிறுத்திவிட வேண்டும் என்று அம்மா எங்களுக்குச் சொல்லியிருந்தாள். சரியாக அந்த நேரத்தில்தான் கேரல் ரவுண்ட்ஸ். போவதா வேண்டாமா என்று சபையில் பெரியவர்களுக்குள் விவாதம் நடந்தது. கடைசியில், டிரம் வேண்டாம், வேனில் பேனர் வேண்டாம், தெருவில் நிற்கும்வரை இங்கிலீஷ் கேரல், வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகு தமிழ் என்று ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள்.

ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர், கிறிஸ்துமஸ் பாட்டெல்லாம் முடிந்ததும், "சத்தாய் பாடுங்கய்யா" என்றார். அது கிறிஸ்துமஸ் பாட்டே இல்லை. கொயர் மாஸ்டர் ஒரு நிமிஷம் தயங்கினார், பிறகு கையை அசைத்து மெதுவாக எடுத்துக் கொடுத்தார். பத்துப் பதினைந்து பேர் ஒரு சின்ன ஹாலில், வெளியே கேட்காத அளவுக்குக் குரலை அடக்கிப் பாடினோம். வேறு எந்தப் பாட்டை அப்படி அடக்கினாலும் உயிர் போயிருக்கும். இந்தப் பாட்டு அடங்கிய குரலுக்கென்றே செய்தது மாதிரி நின்றது. சித்தி மகன்கூட அன்றைக்கு முதல் சொல்லைக் கத்தவில்லை.

இனி பாட்டை எழுதியவரைப் பற்றி. கிருஷ்ண பிள்ளை 1827இல் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கரையிருப்பில் பிறந்தவர். வைணவ வேளாளர் குடும்பம், கம்பராமாயணம் புழங்கிய வீடு. 1853இல் சாயர்புரத்து மிஷன் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். வேலைக்காகப் போன இடம்தான், மதம் மாறுகிற எண்ணத்தோடு போகவில்லை. ஐந்து வருஷம் கழித்து, 1858இல், சென்னை மயிலாப்பூரில் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்ஃப்ரெட் என்ற பெயர் அப்போது சேர்ந்தது, எச்.ஏ. என்பது அதுதான். ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட 'பில்கிரிம்ஸ் புராகிரஸ்' கதையை எடுத்துக்கொண்டு, கம்பன் வழியில் ஆதி பருவம், குமார பருவம் என்று ஐந்து பருவமாகப் பிரித்து, மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களில் 'இரட்சணிய யாத்திரிகம்' எழுதினார். 1894இல் அது புத்தகமாக வந்தது. 'கிறிஸ்தவக் கம்பர்' என்று பாடப் புத்தகங்கள் சொல்வது அதற்காகத்தான். நம் பாட்டு இருப்பது அவருடைய இன்னொரு தொகுப்பான 'இரட்சணிய மனோகரம்' நூலில். அது வெளிவந்தது 1899இல், அடுத்த வருஷம் அவர் இறந்துவிட்டார்.

காவியத்தைத் தமிழ் எம்.ஏ. படிப்பவர்கள் படிக்கிறார்கள், அதுவும் தேர்வுக்கு. பாட்டு மட்டும் வேலைக்காரம்மா முதல் ஹைகோர்ட் வக்கீல் வரை எல்லார் வாயிலும் இருக்கிறது. பதினான்கு பதினைந்து வருஷம் உழைத்த காவியத்தைவிட ஒரு சின்னப் பதிகம் நிலைத்துவிட்டதே என்று அவருக்கு வருத்தம் இருந்திருக்குமோ என்று சில சமயம் யோசிப்பேன். இருந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. காவியத்துக்குள்ளேயே கதையை நிறுத்திவிட்டு இடையிடையே 'தேவாரம்' என்று தலைப்புப் போட்டுப் பதிகம் பாடியவர் அவர். காவியக்காரர் சட்டைக்குள் ஒரு ஓதுவார் எப்போதும் இருந்தார்.

ஓதுவார் என்று சும்மா சொல்லவில்லை. கல்லூரியில் எனக்கு ஒரு தோழி, வீடு அல்சூரில், சோமேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. அவர்கள் வீட்டிலும் சாயங்காலம் விளக்கேற்றியதும் பாட்டு உண்டு. ஒரு நாள் நாங்கள் ரெக்கார்ட் நோட் எழுதிக்கொண்டிருந்தோம். கூடத்தில் அவள் தாத்தா சுந்தரரின் "பொன்னார் மேனியனே" பதிகத்தை எடுத்தார். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அந்தச் சந்தம் எனக்குத் தெரியும். சொற்கள் வேறு, சாமி வேறு, மெட்டும் வேறு; ஆனால் அடி எங்கே தொடங்கி எங்கே மூச்சு விட்டு எங்கே திரும்புகிறது என்பதெல்லாம் என் வீட்டு எட்டு மணி. இரண்டாம் பாட்டுக்கு வந்தபோது சந்தேகமே இல்லை. அங்கேயும் விளி மட்டும் மாறுகிறது, உன்னைத் தவிர வேறு யாரை நினைப்பேன் என்ற கேள்வி மாறவில்லை.

நான் தாத்தாவிடம் போய், எங்கள் சர்ச்சிலும் இதே மாதிரி ஒரு பாட்டு இருக்கிறது என்றேன். பாடச் சொன்னார். கொஞ்சம் கூச்சத்தோடு முதல் பாட்டைப் பாடினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "எழுதினவர் யாரும்மா?" என்றார். சொன்னேன். "பிள்ளைவாளா? அப்ப சரி" என்றார். அவ்வளவுதான் விமர்சனம். பிறகு அந்தப் பதிகம் பிறந்த திருமழபாடிக் கதையை அவரே சொன்னார். சுந்தரர் திருவாலம்பொழிலில் தங்கியிருந்தபோது சிவன் கனவில் வந்து, மழபாடிக்கு வர மறந்துவிட்டாயா என்று கேட்டாராம். அலறி எழுந்து கொள்ளிடக் கரைக்குப் போய்ப் பாடினதாம் இந்தப் பதிகம். "மறந்துட்டியான்னு கேட்டா, வேற யாரை நினைப்பேன்னுதானே பதில் சொல்ல முடியும்?" என்றார்.

இதில் எனக்கு இன்றும் வியப்பு என்னவென்றால், கிருஷ்ண பிள்ளை சைவர் அல்ல, வைணவர். கிறிஸ்தவராகிக் கடவுளிடம் பேச வாய் திறந்தபோது, தான் வளர்ந்த ஆழ்வார் பாசுரங்களைத் தாண்டிப் போய்ச் சுந்தரரின் அச்சை எடுத்துக்கொண்டிருக்கிறார். தமிழாசிரியருக்கு எல்லா அச்சும் கைக்கெட்டும் தூரம்தான். இருந்தாலும் நண்பனிடம் சண்டை பிடிப்பதுபோல் கடவுளிடம் பேசிய சுந்தரரைத் தேர்ந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை. இதை 'காப்பி' என்று யூட்யூப் கருத்துப் பெட்டிகளில் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், இரண்டு பக்கத்திலிருந்தும். அந்தச் சண்டையில் இறங்க எனக்கு விருப்பமில்லை. ஒரு மொழியில் ஆயிரம் வருஷமாக வேண்டுதலுக்கென்று ஒரு வழி தேய்ந்து கிடக்கும்போது, வேண்டிக்கொள்ள வந்தவர் அந்த வழியில் நடந்திருக்கிறார்.

முதல் பாட்டின் உள்ளே இருக்கும் விஷயம் அதைவிடப் பெரியது. உள்ளதாகவும் அறிவாகவும் ஆனந்தமாகவும் விளங்குகிற பொருள், உருவமில்லாதது, ஒப்பில்லாதது என்று வேதாந்தமும் சித்தாந்தமும் பேசும் மொழியில் அடுக்கிக்கொண்டே வந்து, அதைத் திரித்துவம் என்று முடிக்கிறார். சத், சித், ஆனந்தம் மூன்றையும் பிதா, சுதன், பரிசுத்த ஆவியோடு சேர்த்துப் பார்ப்பது அந்தக் காலத்தில் இந்தியாவில் வேறு சிலரும் செய்ததுதான். கல்கத்தாவில் கேசவ சந்திர சென் 1882இல் இதை ஒரு சொற்பொழிவில் பேசினார். பிரம்மபாந்தவ உபாத்தியாயர் 1898இல் சச்சிதானந்தத்தை வணங்கி சமஸ்கிருதத்தில் ஒரு துதி எழுதினார். 1950இல் குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் இரண்டு பிரெஞ்சுத் துறவிகள் சச்சிதானந்த ஆசிரமம் தொடங்கினார்கள். சாந்திவனம் என்றால் தெரியும். பிற்காலத்தில் அதை நடத்திய பீட் கிரிஃபித்ஸ் முதலில் ஆசிரமம் வைத்துப் பார்த்தது நம் கெங்கேரியில். எங்கள் பகுதிக்குப் பக்கத்திலேயே, ஹட்சின்ஸ் ரோட்டில், கத்தோலிக்கர்களின் என்.பி.சி.எல்.சி. மையம் இருக்கிறது. அமலோற்பவதாஸ் என்ற தமிழ்க் குருவானவர் 1967இல் தொடங்கியது. இந்திய மண்ணின் வழிபாடு எப்படி இருக்க வேண்டும் என்று அங்கே எத்தனையோ கருத்தரங்குகள் நடந்திருக்கின்றன, காரசாரமான எதிர்ப்புகளும் வந்திருக்கின்றன.

அந்த மையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், கருத்தரங்கு எதையும் கேட்டிராத என் ஆச்சி, சச்சிதானந்தத் திரித்துவத்தை ராத்திரி எட்டு மணிக்குப் பாடிவிட்டு, உலையில் இருக்கிற சோறு குழைந்துவிடும் என்று எழுந்து போவார். எங்கள் சபையில் யாரும் இதை இந்து மயமாக்கல் என்று சண்டை போட்டதில்லை. கீர்த்தனைப் புத்தகத்தில் இருக்கிறது, எண் போட்டிருக்கிறது, அவ்வளவுதான் அவர்களுக்கு. பெரிய விவாதங்கள் தீராமல் கிடக்கும்போது பாட்டு மட்டும் சுவரைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. மெட்டு இனிமையாக இருந்துவிட்டால் எந்த இறையியலும் உள்ளே வந்துவிடும் என்பது கொஞ்சம் பயமுறுத்தும் விஷயமும்கூட. இந்தத் தடவை நல்லது வந்தது.

கீர்த்தனைகளுக்கே ஆலயத்தில் இடம் எளிதாகக் கிடைத்துவிடவில்லை என்பதையும் நினைக்க வேண்டும். தரங்கம்பாடி மிஷன் காலத்திலிருந்து ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கி ஜெர்மன் மெட்டிலேயே பாடி வந்தார்கள். இன்றைய பாமாலையின் வேர் அது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) ராக தாளத்தோடு எழுதிக் குவித்தார். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் அந்தக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்ட பிறகுதான் அவை சபைப் புத்தகமாகப் பரவலாயின. இருபதாம் நூற்றாண்டில் ஈரோட்டில் இருந்த மிஷனரி எச்.ஏ. பாப்ளி ஐயர், கர்நாடக சங்கீதத்தை முறையாகப் படித்து, இந்திய இசை பற்றி 1921இல் புத்தகமே எழுதியவர், இந்த வேலையை முன்னெடுத்துச் சென்றார். இன்றைக்கு ஒரே அட்டைக்குள் பாமாலையும் கீர்த்தனையும் அண்ணன் தம்பியாக இருக்கின்றன. எங்கள் வீட்டுப் பிரதியில் அட்டை போய், தாத்தா பிரவுன் பேப்பர் ஒட்டி, அதுவும் போய், ஐ.டி.ஐ. டைரியின் அட்டையை வெட்டித் தைத்திருந்தார்.

ஆச்சி இறந்தது நான் கல்லூரிக் கடைசி வருஷத்தில் இருந்தபோது. ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். சபைப் போதகரான ஐயர் மண்ணெடுத்துப் போட்டு ஜெபம் முடித்ததும், வழக்கமாக இங்கிலீஷ் மெட்டுப் பாமாலை ஒன்று பாடுவார்கள். கொயர்க்காரர்கள் அதற்குத் தயாராக நின்றார்கள். தாத்தா யாரையும் கேட்கவில்லை. வெள்ளை வேட்டி முனையைக் கையில் பிடித்தபடி "சத்தாய்" என்று தொடங்கிவிட்டார். சுருதியே இல்லை. அவருக்கு எப்போதும் சுருதி கிடையாது, அதற்காக ஐம்பது வருஷம் ஆச்சியிடம் திட்டு வாங்கியவர். பக்கத்தில் ஓசூர் ரோட்டு லாரிச் சத்தம். அப்பா சேர்ந்துகொண்டார், பிறகு எல்லாரும். கடைசி அடி வந்தபோது தாத்தா மட்டும் நிறுத்திவிட்டார். நாங்கள் பாடி முடித்தோம். துணையும் உறவும் நீதானே என்று கடவுளிடம் சொல்லும் பாட்டைத் தன் துணையைப் புதைத்த இடத்தில் நின்று ஒருவர் பாடினால், அந்த அடியை அவர் எப்படிச் சொல்வார்? அன்றைக்கு எனக்கு அந்தப் பாட்டின் மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அவ்வளவு கறாராகக் கேட்க வேண்டுமா?

இப்போது என் சபை நிலவரம். பெங்களூர்த் தமிழ்ச் சபைகளில் பாட்டுப் புத்தகம் கொண்டு வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். ப்ரொஜெக்டர் திரையில் வரிகள் வரும், மேலே தமிழ் எழுத்தில், கீழே இங்கிலீஷ் எழுத்தில். சில இடங்களில் மேலே உள்ளது எடுபட்டுக் கீழே உள்ளது மட்டும் மிஞ்சியிருக்கிறது. இங்கிலீஷ் எழுத்தில் இந்தப் பாட்டைப் படிப்பது சித்திரவதை. நெடில் எது, குறில் எது, ளகரமா லகரமா, ஒன்றும் தெரியாது. இன்னொன்று, நேரமில்லை என்று முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் போட்டு முடித்துவிடுகிறார்கள். பிறவிக் கடலில் மூழ்கியவனுக்குத் தெப்பமாக வந்தவர், தாயும் தந்தையும் குருவும் சொத்தும் எல்லாமுமானவர் என்று படிப்படியாகப் போகும் நடுப் பாட்டுகள் காணாமல் போகின்றன. அவை இல்லாமல் அந்தக் கேள்வி ஒப்புக்குக் கேட்டதாகிவிடுகிறது. பாட்டு கடினமாக இருக்கிறது, இளைஞர்களுக்குப் புரியாது என்று சொல்கிறவர்களுக்கு நான் சொல்வது: எனக்கும் புரியவில்லை, பாடினேன், பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. பத்து வருஷம் கழித்துப் புரிகிற பாட்டும் சபைக்கு வேண்டும்.

என் மகளுக்கு ஆறாம் வகுப்பு. அவளுக்கும் பள்ளியில் தமிழ் கிடையாது. வீட்டில் நான் ஆச்சி மாதிரி விரல் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறேன், ஆனால் எட்டு மணிக்கு அவளுக்கு டியூஷன். போன மாதம் கொயர் பயிற்சிக்கு அவள் கொண்டு வந்த தாளைப் பார்த்தேன். பாட்டு முழுவதையும் கன்னட எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். இங்கிலீஷ் எழுத்தைவிட இது எவ்வளவோ மேல்; நெடில் குறில் எல்லாம் கச்சிதம், நிஷ்களமாய் என்பதற்கு ஒரு எழுத்துகூட இடறவில்லை. அவள் அதை மொட்டை மாடியில் பாடிப் பார்க்கும்போது எதிர்வீட்டு லிங்காயத் ஆன்ட்டி கேட்டுவிட்டு, "நிஷ்கள அந்த்ரே லிங்கானே அல்வா?" என்று கேட்டிருக்கிறார், நிஷ்கள என்றால் லிங்கம்தானே என்று. வீரசைவத்திலும் உருவமற்ற பரம்பொருளுக்கு அதே சொல்தானே. மகள் கீழே வந்து, "அம்மா, ஆன்ட்டிக்கு மீனிங் தெரியுது, உனக்குத் தெரியுமா?" என்றாள். அன்றைக்கு டியூஷன் போகவில்லை. கிருஷ்ண பிள்ளையில் தொடங்கி அல்சூர்த் தாத்தா வரைக்கும் சொல்லி முடிப்பதற்குள் பத்தாகிவிட்டது.

இந்த லெந்து நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை ஆராதனைக்கு எல்லாப் பாட்டுகளையும் விடாமல் பாடுவது என்று கொயரில் பேசி முடிவு செய்திருக்கிறோம். திரையில் தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்று எழுத்திலும் போடுவதாக ஏற்பாடு. கன்னடம் மகளின் பொறுப்பு. கீபோர்டு வாசிக்கும் தம்பி ரிதம் போடட்டுமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டான், இரண்டு தடவையும் மாஸ்டர் முறைத்தார். சுருதியில்தான் இன்னும் சண்டை தீரவில்லை. பெண்கள் டி என்கிறோம், ஆண்கள் சி-க்கு மேல் வர மாட்டோம் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். பயிற்சி புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு. நடுத்தர வயது ஆண் குரல்கள் தேவைப்படுகின்றன, சுருதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.